தனுஜாவின் தகடு

பனி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் முதலில் இறங்கியதா, மேசையிலிருந்த ஈயச்சுருள் முதலில் காணாமல் போனதா என்று சுலக்ஷனாவுக்கு இப்போது நிச்சயமில்லை. நினைக்கும்போதெல்லாம் வரிசை மாறிவிடுகிறது. பிற்பகல் என்பது மட்டும் சரி. கூரைத் தகரத்தில் நீர் சொட்டியது, அடுப்படியிலிருந்து ஈர விறகின் புகை வந்தது, கீழே வட்டகொடை ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்ட ரயிலின் சத்தம் பனிக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. லயத்தை விட்டுப் போக அவளுக்கிருந்த ஒரே வழி. பழைய கிரேக்கரும் ரோமரும் எதை மாந்திரீகம் என்றார்கள் என்பது ஆய்வு. நாம் செய்தால் வழிபாடு, அடுத்தவன் செய்தால் சூனியம். அதற்கு மேல் அறிஞர்களுக்கும் எல்லை பிடிபடவில்லை என்று முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். நீதிமன்ற வழக்கில் எதிரியின் நாவைக் கட்ட, அவன் பெயரை ஈயத்தில் கீறி, சுருட்டி, ஆணி இறக்கி, அகாலத்தில் செத்தவரின் குழியில் போடுவார்களாம். சாபத்தைப் பாதாள தெய்வங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பிணத்தின் வேலை. பெயரோடு தாயின் பெயரும் வேண்டும், யார் பிள்ளை என்பதில் தாய்தான் சந்தேகமில்லாதவள்.

தேர்வாளர்களுக்குக் காட்ட ஒன்று செய்தாள். அம்மா துணி வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கிழித்து, ஊசியால் கீறினாள்: ‘காளியாயி பெற்ற தனுஜாவின் நாவைக் கட்டுகிறேன்.’ சுருட்டி ஓர் ஆணியையும் இறக்கினாள். தனுஜா, சுலக்ஷனாவின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர். பதிவு எழுதிய தோட்டத்துக் கிளாக்கர் விட்ட பிழை என்று அம்மா சொல்லியிருந்தார். யாரும் கூப்பிடாத பெயர். யாரையும் தொடாது.

அம்மா காளியாயி வாசலில், பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் கைமண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, மேசையில இருந்த சுருள எடுத்தீங்களா?”

“எடுத்தேன். படிக்கிற புள்ள மேசையிலயே தகடு வச்சிருக்கானுங்க, பொறாமை புடிச்சவனுங்க.”

“ஐயோ, அது நான் செஞ்சது. படிப்புக்கு.”

“செய்வினைக்கும் படிப்பா? நல்ல யுனிவர்சிட்டிதான்.”

“எங்க வீசினீங்க?”

“தகட்ட யாராச்சும் வீசுவாங்களா? பிரிச்சுப் பாத்தேன். தனுஜா பேரு இருந்துச்சு. அவகிட்டயே குடுத்துட்டேன்.”

காளியாயி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“ஒனக்கு மூத்தவ. ஏழு மாசத்துல போயிட்டா. ஒனக்குப் பதிவு எடுக்கல, புள்ள. அவ பத்திரத்தக் காட்டித்தான் ஸ்கூல்ல சேத்தேன். லயத்துக்குப் பின்னால, தேயிலைக்கடியிலதான் கெடக்கா.”

சுலக்ஷனா ஓடினாள். பனியில் செடிகள் முழங்காலைக் கீறின. புதுமண் வாசம். சின்ன மேடு. நகங்களால் தோண்டினாள். ஆணி கிடைத்தது. ஈயம் இல்லை. இன்னும் ஆழமாக. இல்லை.

அம்மா என்று கத்த வாயைத் திறந்தாள். நாக்கு அசையவில்லை.

“அம்மா.”

குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. அவளுடைய குரல்.

பின்னால் காளியாயி நின்றிருந்தார். மகளைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தார்.

“சொல்லு, தனுஜா.”

தேர்வுக்கு யாரும் போகவில்லை. நாக்கில் ஒரு குறையும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சுலக்ஷனா பேச்சில்லாமல் லயத்தில்தான் இருக்கிறாள். பிற்பகலில் பனி இறங்கியதும் தேயிலைக்கடியிலிருந்து அவள் குரல் முதல் அத்தியாயத்தைப் பிழையில்லாமல் சொல்லத் தொடங்கும். காளியாயி தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்.