மௌனப் படுக்கை

காலை ஆறரைக்குப் பணி மாறியதும் ரூபாவதி முதலில் பார்ப்பது நோயாளிகளின் முகத்தை அல்ல, அவர்கள் தலைமாட்டில் எரியும் விளக்குகளை. இருபத்தெட்டுப் படுக்கை, இருபத்தெட்டு விளக்கு. பச்சை என்றால் சிறுநீரகம் நலம். மஞ்சள் என்றால் இன்னும் இரண்டு நாளில் அது திடீரென்று செயலிழக்கப் போகிறது என்று பொருள். மஞ்சளைக் கண்டதும் ஒரு மருந்தை நிறுத்துவார்கள், ஒரு பாட்டில் சலைன் ஏற்றுவார்கள், மாலைக்குள் விளக்கு பச்சைக்குத் திரும்பிவிடும். குழம்பில் உப்புப் பார்ப்பது போல அவ்வளவு சாதாரணமான வேலை.

நோயாளியின் கையில் ஒட்டியிருக்கும் ஒட்டுணரி வியர்வையையும் நாடியையும் படித்து, வரப்போவதைக் கணித்து விளக்கை மாற்றும் இயந்திரமான முன்னுணர்விக்கு அனுப்பும். முன்னுணர்வி வந்து பதினைந்து ஆண்டாகிறது. பழைய ரத்தப் பரிசோதனைகளை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்த செவிலியர்கள், சிறுநீரகம் நின்று முகம் வீங்கிய ஒரு மனிதரைக் கண்ணால் கண்டதே இல்லை. ரூபாவதி கண்டிருக்கிறாள். மூன்று பேரை, பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் பார்த்திருக்கிறாள்.

அன்று காலை அவள் கைபேசி ஒரு முறை அதிர்ந்தது. சாட்சி: ரூபாவதி, படுக்கை: பத்தொன்பது என்று இருந்தது.

விஷயம் இதுதான். முன்னுணர்வி எச்சரித்ததும் வைத்தியம் நடந்துவிடுகிறது; வரவிருந்த கேடு வராமல் போகிறது. ஆகவே தான் சொன்னது சரியா தப்பா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் அது மெல்ல மெல்லக் குழம்பிப்போய், ஒரு கோடையில் நூற்றுக்கணக்கானவர்களைப் பச்சை விளக்கின் கீழேயே சாகவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் மௌன விதி. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு முன்னுணர்வி தன் எச்சரிக்கையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும். விளக்கு பச்சையாகவே எரியும். வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்குக்கூடத் தெரியாது. நடப்பதை எழுத ஒரு சாட்சி வேண்டுமே என்று ஒரே ஒரு செவிலிக்கு மட்டும் சொல்லப்படும். சிறுநீரகம் உண்மையிலேயே நின்ற பிறகு மௌனம் கலையும், வைத்தியம் தொடங்கும். பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் சேர்க்கைப் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒன்பதாம் பக்கம் வரை யார் படிக்கிறார்கள்?

ரூபாவதியின் மூவரில் இருவர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மூன்றாமவர் ஒரு தையல்காரர். வாரத்துக்கு மூன்று நாள் இன்றும் டயாலிசிஸ் அறைக்கு வருகிறார்; அவளைக் கண்டால் சிரித்து வணக்கம் சொல்வார். அந்த வணக்கத்துக்குப் பயந்தே அவள் இரண்டாம் மாடிப் பக்கம் போவதில்லை.

பத்தொன்பதில் இருந்தவள் பேச்சித்தாய். உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரியவள். காலில் புண் சீழ்பிடித்துச் சேர்ந்திருந்தாள். புண்ணுக்கு ஒரு மருந்து, வலிக்கு வேளைக்கு ஓர் ஊசி. பக்கத்தில் வைத்த தண்ணீர் தொடாமல் அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று ரூபாவதி கேட்டாள்.

"பழக்கமில்ல சிஸ்டர்," என்றாள் பேச்சித்தாய். "அளத்துல பொம்பளைக்கு ஒதுங்க எங்ஙன எடம் இருக்கு? காலைல ஒரு வாய் குடிச்சா, பொறவு வீட்டுக்கு வந்துதான்." பிறகு தலையைத் திருப்பி விளக்கைக் காட்டினாள். "ஆனா எனக்குப் பச்சைதான் எரியுது, பாத்தீங்களா."

அந்தப் பெருமைதான் ரூபாவதியைக் கெடுத்தது. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த வலி ஊசிதான் சிறுநீரகத்தை நிறுத்தும் என்று அவளுக்குத் தெரியும். வலி ஊசிக்கான மருந்தைக் கழுவுதொட்டியில் பீய்ச்சிவிட்டு வெறும் சலைனை ஏற்றிப் போட்டாள். மணிக்கொரு தரம் தண்ணீரைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நகராமல் நின்றாள். பேச்சித்தாய் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உடம்புக்குள் என்ன போகிறது என்பதை மட்டும் ஒட்டுணரியால் அறிய முடியாது. அதற்குச் சாட்சியின் குறிப்பேடுதான் ஆதாரம். அதில் ரூபாவதி எழுதினாள்: ஊசி போடப்பட்டது, நீர் அருந்தவில்லை. மூன்று நாள் ஆகியும் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் நாள் பேச்சித்தாய் நடந்தே வெளியே போனாள். வெகு காலத்துக்குப் பிறகு அன்று ரூபாவதி ருசித்துச் சாப்பிட்டாள்.

எட்டு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், உப்பளத்திலிருந்து ஓர் ஆள் வந்து சேர்ந்தார். விளக்கு பச்சை. வலிக்கு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காலை அவர் முகம் உப்பியிருந்தது. இளம் செவிலி ஒருத்தி, ஐயா நன்றாகத் தூங்கியிருக்கிறார் என்று நினைத்தாள். மாலையில் அவர் இறந்துபோனார். அடுத்த வாரம் செங்கல் சூளையிலிருந்து வந்த ஒரு பெண். அதற்கடுத்து, சாலைக்குத் தார் ஊற்றும் ஒருவர். மூவருக்கும் கடைசி மூச்சு வரை பச்சைதான் எரிந்தது.

முன்னுணர்விக்கு என்ன வந்தது என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ரூபாவதி யாரையும் கேட்கவில்லை. வீட்டில் சுவிட்சுப் பலகையில் எரிந்த சின்னப் பச்சைப் பொட்டைப் பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாள். கண்ணை மூடினாலும் அது எரிந்தது. அந்த மூவரையும் தன் கையால் கொன்றதாகவே அவளுக்குத் தோன்றியது. அப்படி இல்லை என்று சொல்லக்கூடிய ஒருவரும் இல்லை. ஏனென்றால் சொல்வதற்கு யாருக்கும் விஷயம் தெரியாது.

பத்து நாள் பொறுத்தாள். பிறகு முன்னுணர்வியின் பொறுப்பாளரான டாக்டர் கனகராஜின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த ஊசியப் போடவே இல்லையா?" என்றார் அவர்.

"இல்ல சார். தண்ணியும் குடுத்தேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெயிலில் உழைக்கும் உடம்பைப் பற்றி முன்னுணர்விக்குக் கிடைத்த ஒரே பாடம் பேச்சித்தாய்தான் என்று அவர் நிதானமாக விளக்கினார். தான் பயந்தது தப்பு, இப்படிப்பட்ட உடம்பு தண்ணீரே இல்லாமலும் அந்த ஊசியைத் தாங்கும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பாடத்தை அழிக்க ஒரு நிமிடம் போதும். இன்று மாலையிலிருந்து வெயிலில் வேலை செய்யும் எல்லோருக்கும் மஞ்சள் போடச் சொல்லிவிடலாம்.

"அப்ப சரியாயிருமா சார்?"

"கொஞ்ச நாளைக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எல்லாருக்கும் மஞ்சள்னா ஒரே மாசத்துல யாரும் அதைக் கண்டுக்க மாட்டாங்க. அழிச்ச எடத்த நெரப்பியாகணும் ரூபாவதி. அதே மாதிரி ஒரு ஒடம்பு, அதே ஊசி, அதே மௌனம்."

உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தண்டனையைப் பிறகு பார்க்கலாம், இந்த முறை வேறொரு செவிலியைச் சாட்சியாக வைக்கிறேன் என்று டாக்டர் கனகராஜ் சொன்னார். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

"வேண்டாம் சார்," என்றாள் ரூபாவதி. "வேற பிள்ளைய வச்சா அதுவும் என்னைய மாதிரி எளகிரும். நானே இருக்கேன்."

அந்தப் பேச்சு நடந்த பதினோராம் நாள் சாட்சிச் செய்தி வந்தது. படுக்கை ஏழு. சுடலைவடிவு, முப்பத்திரண்டு வயது, உப்பளம். பாதத்தில் வெட்டுக்காயம், காய்ச்சல். ரூபாவதி அருகே போனதும் அந்தப் பெண் அவளுடைய பெயர்ப்பட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா அது! எங்க ஊருக்குப் பக்கத்துலயே ஒரு ஆசுபத்திரி இருக்கு சிஸ்டர். நீங்க இருக்கீங்கன்னுதான் இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தேன். கூடப்பொறந்தவ மாதிரி பாத்துக்கிடுவீங்கன்னு பேச்சித்தாயக்கா அளத்துல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கா."

 ரூபாவதி மருந்தை ஊசியில் ஏற்றினாள். குமிழியைத் தட்டி வெளியேற்றினாள். கொஞ்சம் வலிக்கும் என்று மட்டும் சொன்னாள். சுடலைவடிவு சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

காலை ஒன்பது பத்துக்கு ஊசி போடப்பட்டது என்று ரூபாவதி குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.