ஏஸை அவசரமாய் இறக்கியவன்

"தௌசீஃப்!"

ஹம்சினியின் அலறல் தெருமுனை வரை கேட்டது.

மந்தைவெளி கிளப்பின் சீட்டு மேஜை மேல் தௌசீஃப் கவிழ்ந்து கிடந்தான். அவன் கையிலிருந்த சீட்டுகள் தரையெல்லாம்!

எதிரே உட்கார்ந்திருந்த அவனுடைய பிரிட்ஜ் பார்ட்னர் ஷ்ரவண் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"போயிட்டான்... ஹார்ட் அட்டாக்!"

ஹம்சினி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் ஷ்ரவணின் மனைவி. ஆறு மாதமாய் சாந்தோமில் தௌசீஃப் வீடே கதியென்று கிடந்தவள்!

ஷ்ரவணுக்கு வயிறு எரிந்தது. செத்த பிறகும் அவனுக்கா அழுகை?

ஹம்சினிக்கு ஜோடியாக ஆடிய தமிழ்மொழி, மஃப்டியில் வந்திருந்த இன்ஸ்பெக்டர். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"டீ. எங்க ஃப்ளாஸ்க்லேர்ந்து நான்தான் ஊத்தினேன். எல்லாரும்தானே குடிச்சோம்?" ஷ்ரவண் முந்திக்கொண்டான்.

ஹம்சினி கண்ணைத் துடைத்தாள். மேஜையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தாள்.

"ஷ்ரவண்... முதல் ரவுண்டுலயே ஏன் ஹார்ட்ஸ் ஏஸைப் போட்டே?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சொல்லு. சின்ன சீட்டைப் போட்டுட்டு ஏஸை வெச்சிருந்தா, தௌசீஃப் கைக்கு ஆட்டம் போனதும் உனக்கு ஹார்ட்ஸையே திருப்பி இறக்கியிருப்பார். நான் தோத்திருப்பேன். கத்துக்குட்டி எனக்கே தெரியறது... சாம்பியன் நீ எப்படித் தப்பு பண்ணினே?"

தப்பா! அதுவும் இவள் வாயால்! அந்தத் தௌசீஃப் சொல்லிக் கொடுத்த பாடம்!

ஷ்ரவணுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எனக்கேவா பாடம் எடுக்கறே? அவன் எங்கடி திருப்பறது? அதுவரைக்கும் அவன் இருந்தாத்தானே!"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தமிழ்மொழி மெல்லத் திரும்பினாள்.

"நீங்க ஏஸ் போட்டப்ப அவர் நல்லா சிரிச்சுப் பேசிட்டுத்தானே சார் இருந்தார்? போகப் போறார்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

தௌசீஃபின் டீ கிளாஸை மட்டும் அவள் பிளாஸ்டிக் கவரில் போட்டாள். "விஷம் இதுல மட்டும்தானே சார்?"

ஷ்ரவண் மேஜையை ஓங்கிக் குத்தினான்.

"எம் பொண்டாட்டிய வளைச்சுப் போட்டான்... விட்டுடுவேனா!"

"பாவி!" ஹம்சினி கத்தினாள். "அவரும் அவர் சம்சாரம் நாஸியாவும் சேர்ந்துதான் எனக்கு பிரிட்ஜ் கத்துக் கொடுத்தா. அடுத்த மாசம் கல்யாண நாளைக்கு... உன் பார்ட்னரா வந்து உட்காரணும்னு ஆசைப்பட்டேன்டா!"

ஷ்ரவண் அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

தமிழ்மொழி அவன் தோளைத் தட்டினாள்.

"எந்திரிங்க சார். ஜெயில்லயும் சீட்டு ஆடறாங்க. ஆனா விஷயம் தெரிஞ்சா... உங்களுக்கு பார்ட்னரா உக்கார எவனுக்கும் தைரியம் வராது!"