சத்தியபாயின் விரலடையாளம்

"அந்தச் சாயாவ நீயே குடி! எம்பிள்ள ஜெயில்ல கெடக்கும்போ எனக்கு எதுக்குட்டி சாயா?"

லீலாபாய் டம்ளரைத் தள்ளிவிட்டாள். மருமகள் சத்தியபாய் சிந்தியதைத் துடைத்தாள். கணவன் கனகதாசுக்கு மோசடி வழக்கில் இரண்டு வருஷம் தண்டனை விழுந்து இன்றோடு இருபத்தொன்பது நாள். அப்பீலுக்கு நாளைதான் கடைசி. நெய்யாற்றின்கரையில் வக்கீல் சதாசிவன் காத்திருப்பார்.

"தங்கச்சிக்க நெலத்த எவளையோ நிறுத்தி எழுதிவச்சானாம்! எல்லாம் ஒனக்க பேராசையாக்கும்!"

எவளையோ அல்ல... சத்தியபாயைத்தான்!

போன வருஷத்துப் போராட்டத்தில் நாத்தனார் தங்கபாயின் கணவன் ராபின்சனைப் போலீஸ் பிடித்துப்போனது. "என்ன வந்தாலும் நெலத்தத் தொடப்பிடாது, தொட்டா நீ எனக்க வீட்ல இல்ல" என்று தங்கபாயிடம் சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினான். ஆனால் தங்கபாய் பேரில் இருந்த குன்னத்துகால் நிலத்தை விற்காமல் அவனை ஜாமீனில் எடுக்க வழியில்லை. தங்கபாயோ பிள்ளை பெற்ற ஏழாம் நாள், காய்ச்சலில் கிடந்தாள். "மைனி, எனக்குப் பதிலா நீ போய் விரல் வச்சிட்டு வா" என்று அவளேதான் அழுதாள். நாத்தனார் சேலையை மைனி உடுத்துவதுபோல விரலையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்கள், அசடுகள்! "இவள் என் தங்கை" என்று ரிஜிஸ்தர் ஆபீசில் கனகதாஸ் கையெழுத்துப் போட்டான்.

அந்தப் பணத்தால் வெளியே வந்த ராபின்சன் நிலம் போனதை அறிந்து, மச்சினன் ஏமாற்றிவிட்டதாக வழக்குப் போட்டான். கூண்டில் ஏறிய தங்கபாய், புருஷன் முகத்தைப் பார்த்து நடுங்கி, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். விரல் வைத்தவள் யார் என்று கேட்டதற்குக் கனகதாஸ் கடைசிவரை பதில் சொல்லவே இல்லை.

வக்கீலைப் பார்க்கப் போவதற்காக, சத்தியபாய் வெளியூருக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். எதிரே தங்கபாய், இடுப்பில் பிள்ளையோடு!

"மைனி... எனக்க பேரச் சொல்லிராத. அவரு என்னத் தள்ளிருவாரு..."

"ஒனக்க பேரு எதுக்கு மக்கா? விரலு எனக்குள்ளதாக்கும். அதச் சொல்லத்தான் போறேன்."

"ஒன்னயும் உள்ள போடுவாவளே!"

"போடட்டும். அவரு ஒத்தைக்குக் கெடக்காண்டாம்." சத்தியபாய் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். "ஜெயில்ல பாக்கப் போகும்போ எல்லாம் ஒனக்க அண்ணன் மொதல்ல என்ன கேக்குதாவ தெரியுமா? தங்கத்துக்க பிள்ளைக்குப் பல்லு மொளச்சாண்ணு..."

தங்கபாய் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட லீலாபாய் தள்ளாடி இறங்கி வந்து மருமகளின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எட்டி பாவி... இத்தன நாளும் ஒன்னயப் பேசினேனே... ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

"ஒங்க மவ வாழணும்லா மாமி."

தங்கபாய் எழுந்தாள். பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தாள்.

"நானும் வாறேன் மைனி. நாஞ் சொல்லித்தான் நீ விரல் வச்சேண்ணு வக்கீலுக்கு எழுதிக் குடுக்கேன். கோர்ட்டுல பொய் சொன்னதும் நாந்தான்."

"ராபின்சன் கேட்டா என்னட்டி சொல்லுவ?" என்று பதறினாள் லீலாபாய்.

"வக்கீலுக்கிட்ட சொல்லுததத்தான் அவருக்கிட்டயும் சொல்லணும். அன்னைக்கே சொல்லியிருந்தா அண்ணன் வீட்ல இருந்திருக்கும்."

பஸ் வரும் சத்தம் கேட்டது. சத்தியபாய் நாத்தனாரின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.