கேமரா இல்லாத கம்ப்யூட்டர்

அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. ஆனாலும் அவள் தவறான நம்பரை அடித்ததும், படம் எடுப்பதுபோல் 'கிளிக்' என்றொரு சத்தம் கேட்டது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புருஷன் அடித்த காயங்களை ஒவ்வொரு தடவையும் படமெடுத்து, போனில் ஒரு ரகசியப் பெட்டக ஆப்புக்குள் பூட்டி வைத்திருந்தாள். போன வாரம் அந்த போனையே அவன் தரையில் அடித்து நொறுக்கிவிட்டான். நாளைக்குக் கோர்ட்டில் காட்ட வேறு ஆதாரம் இல்லை. அதே ஆப்பைக் கம்ப்யூட்டரில் இறக்கியாயிற்று. படங்கள் இருபத்திமூன்றும் பத்திரமாக இருப்பதாக அது சொன்னது. நம்பர்தான் காலை வாரியது. அவன் கண்டுபிடித்துவிடுவானோ என்று பயந்து பயந்து மாற்றியதில், கடைசியாக எதை வைத்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

"திறந்துச்சாம்மா?" அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்.

"நம்பர் ஞாபகம் வரல அண்ணி."

"உங்க அண்ணன் கல்யாண நாளையே மறக்குற ஆளு. உங்க ரத்தமே அப்படித்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மதிய வெயிலில் திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்க, சூடேறிய தூசியின் வாடை மூக்கில் ஏற, கம்ப்யூட்டருக்குள் சின்ன விசிறி முனகிக்கொண்டே இருக்க, அவள் இன்னொரு நம்பரை அடித்தாள்.

கிளிக்.

'திறக்க முயன்றவரின் படம்' என்று ஒரு கட்டம் விரிந்தது. அவளேதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் முகத்தின் ஊடாக, பின்னாலிருந்த பீரோவின் கைப்பிடி தெரிந்தது.

எழுந்து ஓடிவிடலாம். ஆனால் நாளைக்கு வெறுங்கையோடு போய் நின்றால், திரும்ப அவன் வீட்டுக்குத்தான்.

மூன்றாவது நம்பர். திறந்தது.

விசிறிச் சத்தம் நின்றது. மேஜை இல்லை. கீபோர்டு இல்லை. எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால், காலி நாற்காலி.

"அண்ணி..." சத்தம் வெளியே வரவில்லை.

அண்ணி ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி வந்து குனிந்தாள். அண்ணியின் முகம் சுவர்போலப் பெரிதாக நின்றது.

"எங்க போனா இவ? இப்படியா தொறந்து போட்டுட்டுப் போறது. யாராச்சும் பாத்தா என்னாகும்."

அவள் உள்ளேயிருந்து கண்ணாடியை அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அண்ணி மௌஸைப் பிடித்து, 'பூட்டு' என்ற பொத்தானை அக்கறையோடு அமுக்கினாள்.

இருட்டு.

பின்னால் ஏதோ அசைந்தது. ஒவ்வொன்றாகத் தெரிந்தன, ஃபிளாஷ் வெளிச்சம் உறைந்துபோன முகங்கள். வீங்கிய கண். கிழிந்த உதடு. எல்லாம் அவளேதான். இருபத்திமூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நகர்ந்து, நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள்.