ஒரு கைக்கு மட்டும்!

"வீ...ல்!"

அலறியது நான்தான்.

பலகைமேல் கழுத்தறுபட்ட ஓர் உடல்!

பயப்படாதீர்கள். ஆடு. கல்யாண விருந்துக்கு.

நான் அலறியது அதன் தொடையெலும்பில் மாட்டி இரண்டாக உடைந்த கத்திக்காக. உடைத்த கொலைகாரன்... சூஸ்த் நகரத்துக் கல்யாணச் சமையல்காரன் எர்காஷ். அடியேன்!

கத்தி, கொல்லுப்பட்டறை முஹய்யோவுடையது. அவளே உலையில் அடித்தது. "என்னைக் கட்டிக்கிறியா?" என்று வசந்தத்திலிருந்து கேட்கிறேன். மூச்! நேற்று இந்தக் கத்தியை நீட்டி, "விருந்து முடிஞ்சதும் இதோட வா, பேசலாம்" என்றாள்.

இனி என்ன பேச?

பஜாருக்கு ஓடினேன். அதே கொம்புப் பிடி... அதே பித்தளைப் பிறை... அச்சு அசல்!

"கையால செஞ்சதா அண்ணே?"

"உங்களுக்குன்னே செஞ்சது தம்பி!" வியாபாரி மாமூர் மார்பில் கை வைத்தான்.

"என்னை இப்பத்தானே பாக்குறீங்க?"

"அதனாலென்ன? இப்படியொரு மூஞ்சி வரும்னு நேத்தே தோணுச்சு!"

வாங்கினேன். வழியில் ஒரு முலாம்பழத்தில் வைத்துப் பார்த்தேன்.

வழுக்கியது... கட்டைவிரலில் ரத்தம்!

விருந்து முடிந்து போனபோது, பட்டறையில் முஹய்யோ கத்தியைப் பார்க்கவேயில்லை. என் விரலில் சுற்றியிருந்த துணியையே பார்த்தாள்.

"என் கத்தி எங்கே?"

"இ... இதுதானே?"

"பொய்! என் கத்தி உன்னை வெட்டாது."

"ஏன், அதுக்கு என்மேல பாசமா?"

"நீ எந்தக் கையால வெட்டுவே?"

"இடது."

"இது வலது கைக்காரங்களுக்கு. பஜார்ல எல்லாமே அப்படித்தான். எங்க வீட்டு அடுப்புக்கு மண் பூசினியே... ஈர மண்ணுல உன் கை பதிஞ்சிருந்துச்சு. அதை அளந்துதான் கட்டைவிரலுக்குப் பள்ளம் வெச்சு, இடப்பக்கமாத் தீட்டினேன். பிடிச்சதுமே புரியும்னு நெனச்சேன்... மடையா!"

தலைக்குள் கொப்பரை கவிழ்ந்தது.

நான் கொன்றது... எனக்காகவே பிறந்த கத்தியை!

சட்டைப்பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து வைத்தேன்.

"எலும்புல போட்டுட்டேன், முஹய்யோ."

அவள் உதட்டைக் கடித்தாள். அழுகையா, சிரிப்பா... தெரியவில்லை.

"பிடி பிழைச்சிருக்கு. அலகு புதுசா அடிக்கணும்."

"அப்போ... நான் கேட்டதுக்கு?"

"கட்டிக்கிறேன்! ஆனா நம்ம கல்யாணத்துக்குச் சமைக்க வேற ஆளைப் பாரு!"