மண் கரைத்த தண்ணீர்

தூக்குவாளியின் அடியில் ஈர மண் கிடந்தது.

காலையில் கஞ்சி கொண்டுபோன வாளி அது. கஸ்தூரி மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்து வாளியைத் தள்ளிவைத்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். எந்த வாடையும் ஆகவில்லை.

"இன்னாங்க இது? அந்தப் பெரியவரு மண்ணையா துன்றாரு?"

வேணு எட்டிப் பார்த்தான். மண்ணுக்குள் நூல் நூலாக எச்சில் ஓடியிருந்தது. சீ!

"வாசல்ல வச்சேன்ல, கோழி ஏதாவது கிளறியிருக்கும்" என்றான். அது பொய். அந்த மண்ணை முதலில் கிழவரின் வாயில் ஊற்றியவனே அவன்தான்.

செங்கம் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் வேணு, ஆசிரமத்துக்குப் பின்சந்திலிருந்த இராமலிங்கத்தின் வீட்டை மூன்று வருஷத்துக்கு முன் பாதி விலைக்கு வாங்கினான். பத்திரம் வேணு பேரில். ஆனால் கிழவர் சாகிறவரை வீடு அவர் அனுபவத்தில்தான் இருக்கும், வேணு அதில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன், ஈரல் வீங்கி மஞ்சளாய்க் கிடந்தார். கார்த்திகை தீபத்தைத் தாண்டமாட்டார் என்று தெருவே சொன்னது. அதை நம்பித்தான் கஸ்தூரியின் தாய்வீட்டு நிலத்தை விற்றுப் போட்டான். வெள்ளைக்காரர்களுக்கு மாடியில் அறை, கீழே தாங்கள், பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு கூடம் என்று கணக்கு. அதற்குள் மூன்று தீபம் போய்விட்டது. வேணுவும் கஸ்தூரியும் இன்னும் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் வெந்துகொண்டிருந்தார்கள், கிழவர் கட்டிலில் அழுகிக்கொண்டிருந்தார்.

போன அமாவாசையோடு கண் செருகி, வாய் திறந்து, இழுக்க ஆரம்பித்தது. இழுத்தது, இழுத்தது, நிற்கவேயில்லை. வேணுவுக்குப் பொறுக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவன் பெரியப்பாவுக்குச் செய்தது நினைவுக்கு வந்தது. மண்ணாசையில் உயிர் அடங்காமல் கிடந்தால், அவரவர் மண்ணைக் கரைத்து ஒரு வாய் ஊற்றுவார்கள்; ஆசை தீர்ந்து உயிர் போய்விடும். வேணு அந்த வீட்டுக் கொல்லையிலேயே ஒரு பிடி அள்ளிக் கரைத்து ஊற்றினான். தொண்டை ஏறி இறங்கியது. மறுநாள் இழுப்பு நின்றிருந்தது.

ஆள் போகவில்லை. எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். அன்றிலிருந்து வேணு உள்ளே போகவில்லை. காலையில் வாசலில் வாளியை வைப்பான், சாயங்காலம் எடுத்துக்கொள்வான்.

இன்று போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பினான்.

பௌர்ணமி. பொழுது சாய்கிற நேரத்தில் செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். அந்தக் கற்பூர வாசனையையும் சுண்டல் வாசனையையும் தாண்டிச் சந்துக்குள் திரும்பியதுமே வேறொரு நாற்றம் வந்து மூஞ்சியில் அப்பியது: மழையில் ஊறிய சுவரும் புளித்த கஞ்சியும் நாள்பட்ட மூத்திரமும் கலந்து, நாக்கில் ஒட்டிக்கொள்கிற நாற்றம். பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தான். தரை சில்லென்று நொசநொசத்தது. தளம் இல்லை. பெயர்த்துப் போட்டிருந்தது.

"பெரியவரே?"

பதிலுக்கு இருட்டிலிருந்து நறநறவென்று மெல்லும் சத்தம்.

சுவிட்சைத் தேடித் தடவினான். கைக்குக் கிடைத்தது சுவரில் ஒரு குழி. வழவழவென்று ஈரம். அடுத்தது இன்னொரு குழி. காரை உரிந்து, உள்ளே இருந்த மண்சுவர் வாய் எட்டுகிற உயரம்வரை சுரண்டப்பட்டிருந்தது. கையை வேட்டியில் துடைத்தான், துடைத்தான், பிசுபிசுப்பு போகவில்லை. ஜன்னல் வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் கட்டிலடி தெரிந்தது. மண்புழு போட்டுவைத்ததுபோல் சுருள் சுருளாக மண். கூடை கூடையாக. அதிலிருந்து ஆவி வந்தது.

ஐயோ, கருமமே! வாயைப் பொத்திக்கொண்டான்.

"வேணுவா? வாப்பா."

தரையில் குப்புறக் கிடந்தார் இராமலிங்கம். வயிறு பானையாய் உப்பியிருந்தது. தாடி முழுக்கச் சேறு.

"இன்னா பண்றீங்க நீங்க?"

"நீதானப்பா ஊத்தன." குரலில் கோபமே இல்லை, குழந்தை மாதிரிக் கெஞ்சல். "என் மண்ணா இருந்திருந்தா அன்னிக்கே அடங்கிப் போயிருப்பேன். இது உன் பேர்ல இருக்கற மண்ணு. துன்னத் துன்ன ஜாஸ்தியாவுது பசி."

வேணு திரும்பினான். வாசலுக்கு எட்டடி. கால் குழியில் இறங்கியது. விழுந்தான்.

கணுக்காலை ஒரு கை பிடித்தது.

"விடுங்க! விடுய்யா!"

உள்ளங்காலில் நாக்கு பட்டது. சுடச்சுட. சொரசொரவென்று. குதிகாலில் ஒட்டிய சேற்றை நக்கியது. விரலிடுக்கில் நுழைந்தது. நகத்தடியில் துழாவியது. வேணு வாந்தியெடுத்தான். உதைத்தான். பிடி தளரவில்லை. ரோட்டில் அரோகரா, அரோகரா. அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

சேறு தீர்ந்தது. நாக்கு நிற்கவில்லை.

பல் பட்டது. தோல் கிழிந்தது. வலிக்கப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடினான். வலிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான்.

ரத்தம் இல்லை. கிழிந்த குதிகாலிலிருந்து செம்மண் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கிழவர் ஒரு பொடிகூடச் சிந்தாமல் அதற்கடியில் வாயைத் திறந்து வைத்திருந்தார்.