ஏழு டீ

ஜூன் 3, செவ்வாய். காலை 9.10.

வீரபாண்டியில் ஒரு நூல் கிடங்கின் மாடியில் அந்த மேசன் லாட்ஜ் இருந்தது. கூட்ட அறையில் அலமாரிப் பூட்டு உடைந்து தொங்கியது. வெள்ளியில் செய்த கவராயமும் மூலைமட்டமும் உள்ளேயே இருந்தன. பைபிள், கீதை, குர்ஆன் மூன்றும் இருந்தன. வருகைப் பதிவேடு மட்டும் இல்லை.

முதலில் பார்த்தவர் காவலாளி காசிமாயன். அவர் செயலாளர் மோகன்ராஜுக்கும் உறுப்பினர் பாக்கியநாதனுக்கும் போன் செய்தார். போலீசுக்குப் போனவர் பாக்கியநாதன்.

9.50.

எஸ்.ஐ. கவிப்பிரியாவும் ஏட்டு பொங்கியண்ணனும் படியேறினார்கள். வாசலில் ஒரு பலகை: ‘கூட்டம்: பிரதி மாதம் மூன்றாம் வெள்ளி, மாலை 6 மணி.’

“லாட்ஜுன்னா ரூம் போடறதுங்களாம்மா?” என்றார் பொங்கியண்ணன்.

“இது வேறங்கண்ணா. சங்கம் மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் சகோதரர்னு கூப்பிட்டுக்குவாங்க.”

“எங்கூட்டுச் சகோதரருங்க கோர்ட்டுல இருக்காங்க.”

பாக்கியநாதன் உள்ளே நின்றிருந்தார். வயது அறுபத்தொன்று. தூத்துக்குடிக்காரர். முப்பது வருடமாகத் திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்துகிறார்.

“அந்தப் புஸ்தகம் கிடைக்கலன்னா எனக்கு நற்கருணை கிடையாது மேடம்” என்றார்.

கவிப்பிரியாவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கத்தோலிக்கர் மேசன் சங்கத்தில் சேரக் கூடாது. சேர்ந்தவர் பூசையில் பாதிரியார் தரும் நற்கருணை அப்பத்தை வாங்கக் கூடாது. வியாழக்கிழமை அவர் மகள் ஆஷாவுக்குத் திருமணம். மணமகளின் தகப்பன் நற்கருணை வாங்க எழுந்திருக்காவிட்டால் கோயில் முழுக்கப் பார்க்கும்.

“எங்க சர்ச் பங்குச் சாமி சொன்னதும் ஜனவரியிலேயே விலகிட்டேன். அப்புறம் இந்தப் படி மிதிக்கல. ஆனா லாட்ஜ் அனுப்பின சர்க்குலர் ஒண்ணு எங்க சம்பந்தி கையில கிடைச்சிட்டு. பிப்ரவரி கூட்டத்துல இருந்து மே கூட்டம் வரைக்கும் வந்தவங்க ஏழு பேருன்னு போட்டு, அதுல எம் பேரும் இருக்கு. அவரு அதைச் சாமிகிட்டக் கொடுத்துட்டாரு.”

“பதிவேடு எதுக்குங்க?”

“கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடுவாங்க. நான் போடல. தெறந்து பாருங்கன்னு சாமிகிட்ட நானே சொன்னேன். இன்னைக்கு மூணு மணிக்கு வாரேன்னாரு. மோகன்ராஜ்கிட்டயும் சொல்லி வச்சேன்.”

“விலகினதுக்குக் கடிதம்?”

“வாயாலதான் சொன்னேன். மோகன்ராஜ் கொஞ்சம் பொறுங்கன்னாரு. எம் வீட்டுக்காரி ஐ.சி.யு.ல கெடந்தப்ப பதினோரு நாள் வெளியில உக்காந்திருந்த மனுசன். அவரு மூஞ்சிக்கு நேரா காகிதத்தை நீட்ட முடியல.”

10.30.

மோகன்ராஜ் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை. குரல் உயரவில்லை.

“மொத்தம் எத்தனை உறுப்பினருங்க?”

“ஒரு காலத்துல முப்பதுங்க. செத்தவங்க, வெளியூர் போனவங்க போக மிச்சம் ஏழு. ஏழு இல்லாம கூட்டத்தைத் திறக்கவே கூடாதுங்க.”

“பாக்கியநாதன் கூட்டத்துக்கு வந்தாருங்களா?”

“உள்ள யாரு இருந்தாங்கன்னு வெளிய சொல்றதில்லைங்க. அது எங்க சத்தியம்.”

“நீங்க ஏனுங்க புகார் குடுக்கலை?”

“பழைய புத்தகம். அதுக்குப் போயி போலீஸ் எதுக்குங்க? கிடைக்கலைன்னா விட்டுடுங்க.”

10.50.

காசிமாயன் உசிலம்பட்டிக்காரர். வேலைக்கு வந்து இரண்டு வருடம்.

“யார் யார் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“செயலாளரய்யா கம்பெனி வேன்ல எல்லாரும் ஒண்ணா வந்து எறங்குவாக. அந்நேரம் நான் டீக்கடையில நிப்பேன். வந்து பார்த்தா கதவைச் சாத்திருப்பாக. டீயை வாசல்ல வச்சுட்டுக் கீழ எறங்கிருவேன்.”

“இந்த நாலு மாசமா எத்தனை டீ?”

“ஏழு. மாசாமாசம் ஏழு டீ.”

பொங்கியண்ணன் குறித்துக்கொண்டார்.

“பட்டியல்ல ஏழு, டீயும் ஏழு. கணக்கு நேராகுதுங்கம்மா. பாக்கியநாதன் தானே எடுத்து ஒளிச்சுட்டு தானே புகார் குடுத்திருக்காரு.”

“முதல்ல பாதரைப் பார்த்துட்டு வரலாமுங்கண்ணா” என்றார் கவிப்பிரியா.

12.00.

கோயில் அலுவலகத்தில் பங்குத் தந்தை சூசைமாணிக்கம் சர்க்குலரை மேசையில் வைத்தார். பிப்ரவரிக் கூட்டம், மார்ச் கூட்டம், ஏப்ரல் கூட்டம், மே கூட்டம். தேதிகள் இல்லை. ஒவ்வொன்றின் கீழும் அதே ஏழு பெயர்கள்.

“ஜனவரியில விலகிட்டேன்னு உங்ககிட்டச் சொன்னாருங்களா பாதர்?”

“அதைப் பத்தி நான் பேச முடியாதும்மா.”

“ஏனுங்க?”

“சொன்னாருன்னும் சொல்ல முடியாது. சொல்லலைன்னும் சொல்ல முடியாது.”

“பாவசங்கீர்த்தனத்துல ரகசியமாச் சொன்னதுங்களா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சர்க்குலரைத் தொட்டார்.

“இது எழுத்துல வந்திருக்கு. பார்க்காத மாதிரி நான் இருக்க முடியாது.”

சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. இறந்த இயேசுவின் சொரூபம் கிடத்திய தூம்பாவை நான்கு பேர் தோளில் சுமந்தார்கள். முன்னால் வலப்பக்கம் பாக்கியநாதன். கீழே தேதி: 18.4.2025.

“இது என்னங்க?”

“பெரிய வெள்ளி பவனி. வருசா வருசம் முன் தோள் அவருடையதுதான். அஞ்சரைக்குக் கிளம்பினா திரும்பி வர ஏழரை ஆகும்.”

கவிப்பிரியா மேசைக் காலண்டரில் ஏப்ரலைத் திருப்பினார். விரலால் வெள்ளிக்கிழமைகளை எண்ணினார். நான்கு. பதினொன்று. பதினெட்டு.

12.40.

ஜீப்பிலிருந்து காசிமாயனுக்குப் போன் செய்தார்.

“அந்த ஏழு டீயையும் வாசல்லயே வச்சுருவீங்களா?”

“ஆறைத்தாம்மா வைப்பேன். ஏழாவது எனக்கு. கீழ போயி குடிச்சுக்கிருவேன்.”

“இதை ஏனுங்க காலையிலயே சொல்லலை?”

“எத்தனை டீன்னுதானம்மா கேட்டீக.”

மாலை 3.00.

கூட்ட அறையில் மோகன்ராஜ், பாக்கியநாதன், காசிமாயன், போலீஸ் இருவர் என ஐந்து பேர் இருந்தார்கள். பங்குத் தந்தை உள்ளே வரவில்லை. வாசலிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பதிவேட்டை எடுத்தது மோகன்ராஜுங்க” என்றார் கவிப்பிரியா.

சர்க்குலரை மேசையில் விரித்தார்.

“ஏப்ரல்ல மூணாவது வெள்ளி பதினெட்டாந் தேதி. அன்னைக்குப் பெரிய வெள்ளி. கூட்டம் ஆறு மணிக்கு. அந்த ஆறு மணிக்குப் பாக்கியநாதன் தூம்பாவுக்குத் தோள் குடுத்துட்டு இருந்தாரு. பாதரே கூட நடந்தாரு. ஆனா பட்டியல்ல ஏழு பேர். வாசலுக்கு வந்த டீ ஆறு. அப்போ ஏழாவது கையெழுத்தை யாரோ போட்டிருக்காங்க. புத்தகத்தைத் திறந்தா பாக்கியநாதனுக்குப் பயமில்லை; திறக்கச் சொன்னதே அவரு. சம்பந்தியும் திறந்து பார்க்கணும்னுதான் நினைப்பாரு. திறக்கக் கூடாதுன்னு நினைக்க ஒருத்தருக்குத்தான் காரணம் இருக்கு. கையெழுத்தைப் போட்டவருக்கு. புத்தகம் யாரு கையில இருந்ததுங்க?”

“பண்டிகை நாளு ஞாபகத்துல இல்லைங்க” என்றார் மோகன்ராஜ். “எங்களுக்கு அது மூணாவது வெள்ளி. அவ்வளவுதானுங்க.”

பிறகு மற்றதையும் சொன்னார். டிசம்பரில் தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஏழு பேர் கூடாவிட்டால் உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும். ஜனவரியில் பாக்கியநாதன் விலகினார். வேறு ஆள் கிடைக்கும் வரை என்று நினைத்துப் பிப்ரவரியில் மோகன்ராஜே பேனாவை எடுத்தார். கிடைக்கவில்லை.

பதிவேடு அவருடைய வேனில், சாம்பிள் பனியன் பெட்டிக்கு அடியில் இருந்தது. பொங்கியண்ணன் எடுத்து வந்தார். பங்குத் தந்தை நான்கு பக்கங்களையும் பார்த்துவிட்டுப் பாக்கியநாதனிடம் நீட்டினார்.

“என்னை விட நல்லாப் போட்டிருக்கீரு ஓய்” என்றார் பாக்கியநாதன்.

மோகன்ராஜ் தலையைத் தூக்கவில்லை.

“புகாரை என்னங்க பண்றது?” என்றார் கவிப்பிரியா.

“வாபஸ் மேடம்.”

“எழுதிக் குடுங்க.”

பாக்கியநாதன் மூன்று தாள்கள் கேட்டார். ஒன்றில் புகாரைத் திரும்பப் பெற்றார். மற்ற இரண்டிலும் ஒரே மூன்று வரியை எழுதினார். சங்கத்திலிருந்து விலகுகிறேன். எழுதி முடித்ததும் இரண்டையும் மோகன்ராஜ் முன்னால் வைத்தார்.

“இதை வாங்கிட்டா இந்த மாசக் கூட்டம் இல்லீங்க” என்றார் மோகன்ராஜ். “அப்புறம் எந்த மாசமும் இல்லீங்க.”

“தெரியும்.”

“எங்கய்யன் உக்காந்த நாற்காலிங்க அது.”

“தெரியும் ஓய். பிடியும்.”

மோகன்ராஜ் பேனாவைத் திறந்தார். நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தன் பெயரைப் போட்டார். பங்குத் தந்தை எழுந்து படியிறங்கினார்.

“வியாழக்கிழமை நான் வரலாமுங்களா?” என்றார் மோகன்ராஜ்.

பாக்கியநாதன் கடிதத்தின் நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“பத்தரைக்குப் பூசை. சீக்கிரம் வாரும். பெறகு வந்தா நிக்கத்தான் எடம் கிடைக்கும்.”